அமெரிக்க அரசியலும் ஒரு செம்புத் தண்ணீரும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு என் கொழுந்தனார் நாற்காலியை விட்டு எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, மேற்குச் சுவரைப் பார்த்து நடந்தார். மண்டபத்துக் கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்ததால் நேரம் இவ்வளவு சரியாக நினைவிருக்கிறது. நான் சமையல்கட்டில் இருந்தேன். சாப்பாட்டு வாளிகளை நீட்டிக் கொடுப்பதற்காக மண்டபத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு சன்னல் உண்டு. எங்கள் சமூகச் சங்கக் கூட்டத்தைப் பெண்கள் பார்ப்பது அந்தச் சன்னல் வழியாகத்தான். கூட்டம் முடிந்ததும் பந்தி. பந்திக்குச் சின்ன வெங்காயம் உரிப்பது எங்கள் வேலை.

அவர் கிழக்கே அல்லவா போயிருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் கை தூக்குவதும் கிடையாது, சீட்டுப் போடுவதும் கிடையாது. ஒரு விஷயம் வேண்டும் என்பவர்கள் கிழக்குச் சுவர் ஓரமாகவும் வேண்டாம் என்பவர்கள் மேற்குச் சுவர் ஓரமாகவும் போய் நிற்க வேண்டும். செயலாளர் நடுவில் நின்று தலைகளை எண்ணுவார். அன்றைக்கு முன்னால் இருந்த கேள்வி, சங்கம் நடத்தும் பெண்கள் கல்லூரியில் அரசியல் அறிவியல் துறை தொடரட்டுமா, இந்த ஆண்டோடு மூடிவிடலாமா என்பது. என் மகள் அந்தத் துறையில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

கொழுந்தனார் மேற்கே போனதைப் பார்த்து எங்கள் தெருக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை கிழக்கே நின்ற சிலர்கூட மெல்ல நகர்ந்தார்கள். பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பெண் என் முழங்கையைத் தொட்டு, "ஒங்க கொழுந்தன் தெசை தெரியாமப் போறாகளா?" என்று கேட்டாள். ஒரு நிமிடம் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. யாராவது கூப்பிட்டுச் சொன்னால் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் சுவரில் சாய்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நின்றார். சமையல்கட்டுச் சன்னல் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பாததைப் பார்த்ததும், தெரிந்தேதான் போயிருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

துறை மூடப்பட்டது.

*

அருப்புக்கோட்டையில் எங்களுக்கு வத்தல் கடை. திருச்சுழி, நரிக்குடி பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள் கொண்டுவரும் மிளகாய் வத்தலை வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு லோடு அனுப்புகிறோம். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, அதற்கு மேலே வீடு. என் கணவர் இறந்த பிறகு கடையை நான் நடத்துகிறேன். பி.காம். படித்தவள் என்பதால் கணக்கு எனக்குச் சிரமமில்லை. ஒவ்வொரு மூடைக்கும் சங்கத்துக்கு மகமை என்ற பங்குத்தொகை கட்டுகிறேன். அந்த மகமையில் நடப்பதுதான் கல்லூரி. ஆனால் சங்கத்தில் எனக்கு இடம் கிடையாது. கல்யாணமான ஆண் இருந்தால்தான் ஒரு வீட்டைத் தலைக்கட்டு என்று உறுப்பினர் கணக்கில் சேர்ப்பார்கள். ஆண் இல்லாத வீட்டின் சொல்லைக் கணவருடைய அண்ணனோ தம்பியோ கூட்டத்துக்குக் கொண்டுபோவார்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. கூட்டத்துக்கு முந்தின நாள் அவர் அந்த வீட்டு வாசலுக்கு வந்து என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும். வீட்டுக்காரர்கள் சொல்லைச் சொல்லி, ஒரு செம்புத் தண்ணீர் கொடுக்க வேண்டும். அதை அவர் குடித்துவிட்டால், தண்ணீர் கொடுத்தவர் சொன்னபடிதான் மறுநாள் நடந்தாக வேண்டும். அவருடைய சொந்த எண்ணம் வேறாக இருந்தாலும் அதை விட்டுவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்த வீட்டுக்காகத்தான் நிற்க வேண்டும். இதை மீறியவரை எங்கள் ஊரில் தண்ணியை முறிச்சவன் என்பார்கள். அதைவிட மோசமான பேச்சு எங்களிடம் அதிகம் இல்லை.

என் மகளுக்கு இந்த முறையை நினைத்தாலே சிரிப்பு வரும். "சித்தப்பா ஒரே ஒடம்புல ரெண்டு எலக்டரும்மா" என்பாள்.

அதிபர் தேர்தலில், தன்னை அனுப்பிய மக்கள் சொன்னவருக்கே ஓட்டுப் போட வேண்டிய ஆள்தான் எலக்டர் என்று எனக்கு அப்போது தெரியும். அந்த அரையாண்டில் அவளோடு சேர்ந்து நானும் அமெரிக்க அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். அது அவளுக்கு ஒரு பாடம். புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. யாருக்காவது எடுத்துச் சொன்னால்தான் தனக்கு மனதில் நிற்கும் என்பாள். மாலையில் கடையில் மூடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பத்தியாக ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் தமிழில் சொல்வாள். நான் தராசைப் பார்த்துக்கொண்டே கேட்பேன். சிறிய மாநிலமோ பெரிய மாநிலமோ, ஒவ்வொன்றுக்கும் செனட்டில் இரண்டு பேர்தான் என்று அவள் சொன்னபோது, அப்படியானால் மதுரைக்கும் மல்லாங்கிணற்றுக்கும் ஒரே கணக்கா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். மல்லாங்கிணற்றுக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றேன். மூடை இறக்க வந்தவர்கூட நின்று சிரித்தார்.

பல விஷயங்கள் எனக்குச் சட்டென்று பிடிபட்டன. அதிபர், நாடாளுமன்றம், நீதிமன்றம் மூன்றும் ஒன்றை ஒன்று தடுத்துக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள் என்றாள். எங்கள் கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு, மூன்று சாவி, மூன்று வீட்டில் இருப்பது மாதிரி என்றேன். "அதேதான்" என்று தலையாட்டிவிட்டு ஓரத்தில் பென்சிலால் ஏதோ கிறுக்கிக்கொண்டாள். சில மாநிலங்களில் கட்சிக்காரர்கள் ஒரே கூடத்தில் கூடி, தங்களுக்குப் பிடித்தவருக்காக ஆளுக்கொரு மூலையில் போய் நிற்பார்களாம். அதைப் படித்த அன்று அவள் மூடையிலிருந்து இறங்கிக் கடைக்குள் கிழக்கும் மேற்குமாக நடந்து காட்டினாள். வரி மட்டும் வாங்கிக்கொண்டு பேச இடம் தராத அரசனை எதிர்த்து, அங்கே குடியேறிய மக்கள் சண்டைக்குப் போன கதையையும் சொன்னாள். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மகமை ஞாபகம் வருதா?" என்று கேட்டாள்.

லாபி என்ற சொல் வந்த நாளும் நினைவிருக்கிறது. ஓட்டுப் போடப் போகிறவரை முன்கூட்டியே தனியாகப் பார்த்துப் பேசி நம் பக்கம் இழுப்பது என்று விளக்கினாள். இங்கே அதற்குப் பெயர் சம்பந்தம் பேசுவது என்று நான் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. இந்தப் படிப்பு அவளுக்குப் பொருந்திவிட்டது என்று நினைத்தேன். சொந்தக்காரர்கள் அவளைக் கவுன்சிலராக்கப் போகிறாயா என்று கேலி பேசியபோது நான்தான் பதில் சொன்னேன். மதுரைக்குப் போய்ப் படிக்கிறேன் என்று அவள் முதலில் கேட்டது உண்மை. ஊருக்குள் படித்தால் எதை வேண்டுமானாலும் படி என்றேன். கல்லூரி பஸ் கால் மணி நேரம் தாமதமானாலே தெருமுனையில் போய் நிற்கிறவள் நான். அவள் அப்பா ஒரு நாள் காலையில் விருதுநகர் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பியவர். அதற்குமேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

*

அவளோடு படித்த ஒரு பெண் வீரசோழன் என்ற ஊரிலிருந்து வந்துகொண்டிருந்தாள். கல்லூரி விட்டபின் அவளுடைய பஸ்ஸுக்கு நேரம் இருக்கும். அதுவரை எங்கள் கடையில்தான் இருப்பாள். தலையில் போட்ட முக்காட்டை வத்தல் நெடிக்காக மூக்குவரை இழுத்துக்கொண்டு, என் மகள் சொல்வதில் தப்பு கண்டுபிடிப்பாள். அவள் பேசுவது குறைவு, பேசினால் சரியாக இருக்கும். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, அங்கே துணிக்கடை வைத்திருந்தார். அவளைப் படிக்க அனுப்பியபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீரசோழனில் ஏறினால் அருப்புக்கோட்டையில் இறங்க வேண்டும், நடுவில் பஸ் மாறக் கூடாது, இந்த ஊரைத் தாண்டக் கூடாது. அவளும் அதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. "இதாச்சும் கெடச்சுச்சேம்மா" என்பாள்.

அந்த அரையாண்டில் ஆசிரியை ஒரு வேலை கொடுத்தார். அமெரிக்க அரசியலில் ஏதாவது ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு சொந்த ஊரோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் சங்கத்துத் தண்ணீர் முறையை எடுத்துக்கொண்டார்கள். மக்கள் அனுப்பும் பிரதிநிதி, அனுப்பியவர் சொன்னதை அப்படியே செய்ய வேண்டுமா, அவர்களுக்கு நல்லது என்று தனக்குப் படுவதைச் செய்ய வேண்டுமா என்பது அவர்கள் புத்தகத்தில் ஒரு பெரிய கேள்வி. எங்கள் ஊரில் அதற்கு ஒரு செம்புத் தண்ணீரில் பதில் சொல்லிவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதற்காக என் கொழுந்தனாரையே உட்காரவைத்து மணிக்கணக்கில் கேள்வி கேட்டார்கள். அவருக்கும் பெருமைதான். ஆசிரியை அதை வகுப்பில் படித்துக் காட்டினார் என்று வந்து சொன்னார்கள். நான் இரண்டு பேருக்கும் அன்று பணியாரம் சுட்டுக் கொடுத்தேன்.

பங்குனியில் துறையை மூடும் பேச்சு கிளம்பியது. பிள்ளைகள் சேருவதில்லை, ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள். ஏற்கெனவே படிக்கிறவர்கள் விரும்பினால் மதுரைக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம், அந்த ஏற்பாட்டைச் சங்கம் செய்துதரும். "அமெரிக்காக்காரன் எப்பிடி ஓட்டுப் போட்டா நமக்கென்ன. குமாரலிங்கபுரத்துல ஜவுளிப் பார்க்கு வரப்போவுது. கணக்கு எழுதப் புள்ளைக வேணும்" என்று ஒரு நிர்வாகி என் கடையிலேயே நின்று சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாதி வழியில் நிற்கிற பிள்ளைகளை என்ன செய்வது என்று கேட்டேன். அதான் மதுரை இருக்கிறதே என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

வீரசோழன் பெண்ணின் அத்தாவிடம் நான் போனில் பேசினேன். மதுரை என்ற சொல்லை முடிப்பதற்குள் மறுத்துவிட்டார். இங்கே துறை இருந்தால் அவள் படிப்பாள், இல்லாவிட்டால் வீட்டில் இருப்பாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் தெருத்தெருவாக நடந்தேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களிடமும் பேசினேன், அவர்கள் தங்கள் வீட்டு ஆண்களிடம் பேசினார்கள். என் மகள் கூடவே வந்தாள். எந்த வீட்டில் யார் சொல் எடுபடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். வாரக் கடைசிக்குள் கிழக்கே நிற்க ஆள் இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கொழுந்தனார் வந்தார். நான் கிட்டங்கியில் வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தேன். வேலைக்கு வரும் பெண்கள் அன்று ஒரு சடங்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்களன்று லோடு போக வேண்டும். அவர் குரல் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தேன். விரல்களெல்லாம் எரிந்துகொண்டிருந்தன. அந்தக் கையோடு செம்பைத் தொட்டால் குடிப்பவர் உதடு என்ன ஆகும் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் லேசில் போகாது.

"நாளைக்கு என்ன சொல்லணும் மதினி?" என்று முறைப்படி கேட்டார்.

"மூடக் கூடாது" என்றேன்.

சரி என்று தலையை அசைத்தார். கையைக் காட்டி, தண்ணீர் கொடுக்க மகளிடம் சொன்னேன். அவள் உள்ளே போனாள். நான் கிட்டங்கிக்குத் திரும்பினேன். வாசலில் அவர்கள் பேசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அவருடைய வண்டி கிளம்பும் சத்தம். அவ்வளவுதான் நடந்தது.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பந்திக்கு நிற்கவில்லை. வெங்காயத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். மகள் வீட்டில் இருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அதிர்ச்சி அடைந்த மாதிரிதான் உட்கார்ந்தாள். நான் அவளுக்காக அழுதேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை என் முதுகில் ஊர்ந்தது இன்றைக்கும் உடம்பில் தெரிகிறது.

அடுத்து வந்த நாட்களில் நான் வாயை அடக்கவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் என் கொழுந்தன் தண்ணியை முறித்துவிட்டான் என்று சொன்னேன். அண்ணன் இல்லாத வீடு என்ற துணிச்சல் என்றேன். அது வேகமாகப் பரவியது. அந்த வாரத்திலேயே ஒரு மாலை அவர் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முறிச்சவன்னு சொல்லியிருக்கீக" என்றார். "கேக்குறேன்னு கோவிச்சுக்கிறாதீக மதினி. நான் யாரு கையில தண்ணி குடிச்சேன்?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. உங்கள் அண்ணன் வீட்டில்தான் குடித்தீர்கள் என்றேன்.

"நீங்க சொல்லிட்டு உள்ள போயிட்டீக. அவ செம்பக் கையில வச்சுக்கிட்டே நின்னா, குடுக்கல. 'சித்தப்பா, நாளைக்கு மேக்க போங்க'ன்னா. ஒங்கம்மா வேற சொல்றாகளேன்னு கேட்டேன். 'தண்ணி நான்தான தாரேன்'னா. அதுக்கப்புறந்தான் குடுத்தா." துண்டைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டார். "குடுக்குற ஆளு சொல்றதத்தான் கொண்டுபோகணும்னு அவளுக்குச் சொன்னவனே நான்தான. படிக்கிறவ அவ. அவளே வேணாம்ங்கிறப்ப நான் என்னத்தச் செய்ய?"

தெருக்காரர்கள் ஏன் அவர் பின்னால் போனார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அந்தத் துறையில் பிள்ளையை வைத்திருக்கிற வீடே மேற்கே போகச் சொல்லியிருக்கிறது, நமக்கு என்ன வந்தது என்று போயிருக்கிறார்கள்.

மகள் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். இல்லை என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று அவள் சொல்லியிருந்தால் நான் அதை நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை. கொழுந்தனார் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, வாரேன் மதினி என்று சொல்லிவிட்டுப் போனார்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவள் அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"எத்தன தடவ மதுரைக்குக் கேட்டேன்? நீ விடல. இங்க டிப்பார்ட்மெண்டு இருந்தா இங்கயே டிகிரி. அப்பறம் இங்கயே பி.எட்டு. அப்பறம் வத்தக்கடைத் தெருவுலயே மாப்பிள்ள. மூடுனாத்தான் நீ என்னைய அனுப்புவ."

"இத எங்கிட்டச் சொல்ல வேண்டியதான?"

"சொல்லியிருந்தா தோத்துருப்பேன்மா."

என்னோடு ஒவ்வொரு வீடாக நடந்தாயே என்று கேட்டேன். யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரிய வேண்டாமா என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இருந்தது. ஆனால் அந்த வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. கடினமான கணக்கைப் போட்டு முடித்த பிள்ளையின் முகம் அது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"அந்தப் புள்ள?" என்றேன்.

அதற்கு மட்டும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் படியில் உட்கார்ந்தாள். கடைசியில், "அவுக அத்தாகிட்ட நீ இன்னொருக்கப் பேசும்மா" என்றாள்.

பேசினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மூடும்படி உங்கள் வீட்டிலிருந்தே சொல் போனதாகக் கேள்விப்பட்டேன், அப்படிச் சொல்லிவிட்டு என் மகளுக்காக எதற்குப் பேசுகிறீர்கள் என்று கேட்டார். நான் சொல்லவில்லை, என் மகள்தான் சொன்னாள் என்று சொல்ல வாய் எடுத்தேன். வரவில்லை. போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு யாரிடமும் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. கொழுந்தனாரும் ஊரில் தன் பெயரை மீட்டுக்கொள்வதற்காகத் தண்ணீர் கொடுத்த வீடு அப்படித்தான் சொன்னது என்பதோடு நிறுத்திக்கொண்டார். யார் கை என்று சொல்லவில்லை. அந்த அளவுக்கு அவர் எங்களைக் காப்பாற்றினார். ஆகவே ஊர்க் கணக்கில் துறையை மூடச் சொன்னவள் நான். தெருத்தெருவாக நடந்து ஒன்றைப் பேசிவிட்டு, உள்ளுக்குள் இன்னொன்றைச் சொல்லி அனுப்பியவள். அந்தத் துறையில் படித்த மற்ற பெண்களின் அம்மாக்கள் சந்தையில் என்னைக் கண்டால் பக்கத்துக் கடைக்குத் திரும்பிக்கொள்வார்கள்.

ஆனியில் மகளை மதுரைக்கு அனுப்பினேன். அனுப்பாமல் இருக்க என்னிடம் காரணம் எதுவும் மிச்சமில்லை. பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து கை காட்டினாள். நானும் காட்டினேன். அமெரிக்க அரசியலில் அவள்தான் வகுப்பில் முதல் மதிப்பெண். இப்போது தினமும் மாலையில் போன் செய்கிறாள். அங்கே நூலகம் பெரிது என்கிறாள், சாப்பாடு பரவாயில்லை என்கிறாள். இந்த வருடப் பாடத்தைப் பழையபடி எனக்கு எடுத்துச் சொல்லப் பார்க்கிறாள். தராசுப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு கேட்கிறேன். முன்பு நடு நடுவே ஏதாவது சொல்வேன். இப்போது என்ன சொன்னாலும் அதை அவள் எங்கே கொண்டுபோய் வைப்பாள் என்ற யோசனை வந்துவிடுகிறது. ம் என்று மட்டும் சொல்கிறேன். பூட்டு மூன்று, சாவி மூன்று என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னேன். சாவிகள் ஒரே வீட்டுக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று அவளும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

*

ஆடிக் காற்று புழுதியை வாரிக் கடைக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வீரசோழன் பெண் வந்தாள்.

கூட்டத்துக்குப் பிறகு அவள் கடைப் பக்கம் வந்ததே இல்லை. தேர்வுக்கு வந்த நாட்களில்கூடப் பஸ் நிலையத்திலேயே இருந்துவிட்டுப் போனாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இப்போது கல்லூரியில் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்ததாகச் சொன்னாள். அத்தா பஸ் நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறார், சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்றாள். பையிலிருந்து என் மகளுடைய அமெரிக்க அரசியல் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். தேர்வு சமயத்தில் வாங்கிப் போயிருக்கிறாள். பழைய நாட்காட்டித் தாளில் அட்டை போட்டிருந்தாள்.

நீயே வைத்துக்கொள் என்றேன். வேண்டாம் என்றாள். உட்காரச் சொன்னேன். எப்போதும் உட்காரும் மூடையில் உட்காராமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். இப்போது என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, அத்தா கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறேன் என்றாள். மாப்பிள்ளை பார்க்கிறார்களா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தேன். அன்று என் கை சுத்தமாகத்தான் இருந்தது. அவள் செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. அவளிடமாவது சொல்லிவிட வேண்டும், நான் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை என்று.

"அம்மாடி, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்மா" என்றாள். "கூட்டத்துல நடந்ததக் கேள்விப்பட்ட அன்னிக்கே சித்தப்பாவுக்குப் போன் பண்ணிட்டேன். தண்ணி யாரு குடுத்தாகன்னு கேட்டேன். அவுக பேசாம இருந்தாக. அதுலயே தெரிஞ்சுக்கிட்டேன். அந்த முறைய ரெண்டு பேருந்தான எழுதுனோம்."

உன் அத்தாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் மட்டும் என்னை மதுரைக்கு விடுவாரா என்றாள். பிறகு தண்ணீரைக் குடித்தாள், முழுவதையும். செம்பை மேசைமேல் புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"அவ எடத்துல நான் இருந்து, அந்தச் செம்பு என் கையில இருந்திருந்தா நானும் மேக்கதாம்மா போகச் சொல்லியிருப்பேன்" என்றாள். "ஆனா நான் இப்பிடிச் சொன்னேன்னு அவகிட்டச் சொல்லிறாதீக."